அலாஸ்கா காட்டாறுகளின் 1950-கள் காலத்து டோப்போ ஷீட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வரைபடம் பார்க்கிற பழக்கம் இருப்பதால் நண்பர்கள் அடிக்கடி ஏதாவது ஒரு ஸ்கேன் ஷீட்டை அனுப்பிச் சந்தேகம் கேட்பார்கள். அதிலும் அலாஸ்காவின் ஆற்றுப் பக்கத்து டோப்போ ஷீட்டுகள், அதாவது நிலத்தின் உயரத்தையும் காட்டும் வரைபடத் தாள்கள் என்றால் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் மேலிருந்து படிப்பது நல்லது.

அலாஸ்கா பழைய மேப்புன்னு சொல்றீங்க, சரியா எதைச் சொல்றீங்க?

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை, அதாவது யுஎஸ்ஜிஎஸ், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போட்ட இரண்டு வரிசைகளை. ஒன்று 1:250,000 அளவு, மாநிலம் முழுவதற்கும் 153 ஷீட். இன்னொன்று 1:63,360 அளவு. முதலாவதில் சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) பெரும்பாலும் 200 அடிக்கு ஒன்று, இரண்டாவதில் 50 அல்லது 100 அடிக்கு ஒன்று.

இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பெரும்பாலும் வடக்கே புரூக்ஸ் மலைத்தொடரை ஒட்டிய ஆறுகளைப் பற்றி: நோவாட்டக், கோபுக், கோயுகுக், ஷீன்ஜெக், கேனிங். இந்தப் படங்களைப் போட்ட காலத்தில் அந்தப் பக்கம் சாலை கிடையாது. இன்றைக்கும் டால்டன் நெடுஞ்சாலை ஒன்றை விட்டால் மலையைக் குறுக்காகக் கடக்க வேறு வழியில்லை.

1940 வரைக்கும் அங்கே மேப்பே கிடையாதா?

இருந்தது, ஆனால் ஆற்றை ஒட்டிய ஒரு பட்டையாக மட்டும். ஆள் படகில் போவார், இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியதை வரைவார், மலைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத்தாள். யுஎஸ்ஜிஎஸ்-இன் பிலிப் ஸ்மித் 1911-இல் நோவாட்டக் பக்கம் போனது அப்படித்தான். எர்னஸ்ட் லெஃபிங்வெல் என்பவர் 1906-இலிருந்து 1914 வரை, பெரும்பாலும் சொந்தச் செலவில், கேனிங் ஆற்றுப் பகுதியையும் அதை ஒட்டிய கடற்கரையையும் அளந்தார். அந்தக் கால வசதிக்கு அது அசாத்தியமான வேலை.

அப்புறம் ராபர்ட் மார்ஷல். வனத்துறைக்காரர், 1929-இலிருந்து 1939 வரை நான்கு முறை கோயுகுக் ஆற்றின் மேல்பகுதிக்குப் போய், அங்கே தானே வரைபடம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட ஓடைகளுக்கும் மலைகளுக்கும் பெயர் வைத்தவர். டூனராக் சிகரம் 10,000 அடிக்கு மேல் இருக்கும் என்று அவர் கணித்தார். பின்னால் வந்த அளவீட்டில் அது 7,457 அடி. கீழே நின்று அண்ணாந்து பார்த்து உயரம் சொல்வது எவ்வளவு சிரமம் என்பதற்கு இதை ஒரு உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

நூறு வருஷம் சும்மா இருந்துட்டு போருக்கு அப்புறம் மட்டும் ஏன் அவ்வளவு அவசரம்?

ஜூன் 1942-இல் ஜப்பான் அலாஸ்காவின் டச்சு ஹார்பர் மீது குண்டு போட்டது. அதே ஆண்டு அலாஸ்கா நெடுஞ்சாலையை ராணுவம் போட்டது. அமெரிக்கா சோவியத்துக்குக் கொடுத்த போர் விமானங்கள் ஃபேர்பேங்க்ஸ் வழியாகத்தான் சைபீரியாவுக்குப் பறந்தன. பறக்கிற பைலட்டுக்குக் கையில் இருந்த சார்ட்டில் பாதி இடம் காலி. அவசரம் அங்கேதான் தொடங்கியது.

போர் முடிந்ததும் பனிப்போர் வந்தது, வட துருவம் வழியாக வரும் குண்டுவீச்சு விமானம் பற்றிய பயம் வந்தது. இன்னொரு பக்கம் எண்ணெய். 1923-இல் ஒதுக்கி வைத்த நான்காம் எண் கடற்படை எண்ணெய்க் காப்பு நிலத்தில் கடற்படை 1944 முதல் 1953 வரை தேடுதல் நடத்தியது. கால்வில் ஆற்றுப் பக்கத்து வான்படங்களில் நிறைய அந்தத் தேடுதலால் கிடைத்தவை. ஆற்றின் மேல் யாருக்கும் தனிப் பாசம் இருந்ததாகத் தெரியவில்லை. ராணுவமும் எண்ணெயும் செலவைக் கொடுத்தன, ஆறுகள் அந்தச் செலவிலேயே படத்தில் வந்துவிட்டன.

விமானத்துல போய் போட்டோ எடுத்தா மேப் வந்துடுமா?

வராது, ஆனால் அங்கேதான் தொடக்கம். போர்க்காலத்தில் பயன்பட்ட முறைக்கு டிரைமெட்ரோகான் என்று பெயர். ஒரு விமானத்தில் மூன்று கேமரா. ஒன்று நேர் கீழே பார்க்கும், மற்ற இரண்டும் இடதும் வலதுமாகச் சாய்ந்து அடிவானம் வரை பார்க்கும். மூன்றிலும் மெட்ரோகான் என்ற அகலக் கோண லென்ஸ். மூன்றும் ஒரே நேரத்தில் கிளிக் ஆகும். ஒரு அடிவானத்திலிருந்து எதிர் அடிவானம் வரை ஒரே வீச்சில் கிடைத்துவிடுவதால், சுமார் 20,000 அடி உயரத்தில், சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளி விட்டுக் கோடு கோடாகப் பறந்தால் போதும். அலாஸ்கா அளவு பெரிய நிலத்துக்கு வேறு வழியே இல்லை என்றுதான் சொல்வேன்.

குறை என்னவென்றால் சாய்வுப் படத்தில் முன்னால் இருக்கும் மலை பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கை மறைத்துவிடும். குறுகிய பள்ளத்தில் ஓடும் ஆறு அப்படியே காணாமல் போகும். 1:10 லட்சம் அளவிலான விமானச் சார்ட்டுக்கு அது பெரிய விஷயம் கிடையாது. அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 1:63,360 வரைபடத்துக்கு அது ஒத்துவராது, அதற்கு நேர்கீழ்ப் படங்களே வேண்டும், அதுவும் ஒன்றின் மேல் ஒன்று 60 சதவீதம் விழுகிற மாதிரி. அதனால் ஐம்பதுகளில் திரும்பவும் பறந்தார்கள். பறக்கக் கிடைப்பது பனி உருகி மறுபடி விழுவதற்கு இடைப்பட்ட சில வாரங்கள், அதிலும் மேகம் இல்லாத நாட்கள் மட்டும்.

தட்டையான போட்டோவுல மலை உயரம் எப்படித் தெரியும்?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்க முயன்றால் இடறும், இரண்டு கண்ணும் திறந்திருந்தால் சுலபம். ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் தூரம் தெரிகிறது. விமானம் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களும் அந்த இரண்டு கண்கள்.

ஐம்பதுகளின் அலுவலகத்தில் மல்ட்டிபிளக்ஸ் என்ற கருவி இருந்தது. இருட்டறை, ஒரு மேசை, மேலே வரிசையாகச் சின்ன புரொஜெக்டர்கள். ஒரு படத்தைச் சிவப்பு ஒளியிலும் அடுத்ததை நீலப்பச்சை ஒளியிலும் மேசைமேல் விழ வைப்பார்கள். வரைபவர் ஒரு கண்ணுக்குச் சிவப்பு, மறு கண்ணுக்கு நீலப்பச்சை வைத்த கண்ணாடி போட்டுக்கொள்வார். உடனே மேசைமேல் மலை எழுந்து நிற்கும். கையில் நகர்த்துகிற ஒரு சின்ன வெள்ளைத் தட்டு, அதன் நடுவில் ஒரு ஒளிப்புள்ளி, அடியில் பென்சில். தட்டை ஏற்றி இறக்கினால் அந்தப் புள்ளி காற்றில் மிதப்பது போலவோ தரைக்குள் புதைந்தது போலவோ தெரியும். சரியாகத் தரையைத் தொடும் இடத்தில் உயரத்தைப் படித்துக்கொள்ளலாம்.

இப்போது தட்டின் உயரத்தை 2,000 அடி என்று பூட்டிவிட்டு, புள்ளி தரையை விட்டு எழாமலும் புதையாமலும் மலையைச் சுற்றி நகர்த்திக்கொண்டே போனால், பென்சில் வரைவதுதான் 2,000 அடி சம உயரக் கோடு. ஒரு கோடு முடிந்ததும் 100 அடி ஏற்றி அடுத்தது. நாள் முழுக்க இதே வேலை. பின்னால் ஹாரி கெல்ஷ் வடிவமைத்த கெல்ஷ் பிளாட்டர் வந்தபோது படம் பெரிதாகவும் தெளிவாகவும் விழுந்தது, அடிப்படை ஒன்றுதான்.

அப்போ ஒருத்தரும் தரையில போகவே இல்லையா? எல்லாம் ஏசி ரூம் வேலையா?

போனார்கள், போகாமல் முடியாது. இருட்டறையில் எழுந்து நிற்கும் மலைக்கு அளவும் தெரியாது, சாய்வும் தெரியாது. ஒவ்வொரு ஜோடிப் படத்துக்கும் குறைந்தது இரண்டு இடங்களின் இருப்பிடமும் மூன்று இடங்களின் உயரமும் தெரிந்தால்தான் அதைச் சரியாக நிறுத்த முடியும். அந்த இடங்களைத் தரையில் போய்த்தான் அளக்க வேண்டும். எல்லா ஜோடிக்கும் அளக்க ஆளும் பணமும் இல்லாததால், அளந்த ஓர் இடத்திலிருந்து அடுத்த இடம் வரை நடுவில் இருக்கும் படங்களைச் சங்கிலியாகக் கோர்த்துக் கணக்குப் போட்டு நிரப்பினார்கள். சங்கிலியின் நடுவில்தான் பிழை அதிகம்.

தரை வேலையை மாற்றியது ஹெலிகாப்டர். சிவில் பயன்பாட்டுக்கு 1946-இல் சான்று பெற்ற பெல் 47 நாற்பதுகளின் கடைசியிலேயே வட அமெரிக்க மலைகளில் அளவைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன் குதிரையும் படகும் சுமைதூக்கிகளுமாக ஒரு சிகரத்துக்குப் பல நாள். ஹெலிகாப்டரில் ஒரே நாளில் பல சிகரங்கள். உச்சியில் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை நிறுத்தி, எதிரே தெரியும் சிகரங்களுக்குக் கோணம் எடுத்து, அடுத்த சிகரத்துக்குப் பறப்பார்கள். 1957-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து டெல்லூரோமீட்டர் வந்தது, அதன்பிறகு ரேடியோ அலையை வைத்துத் தூரத்தையும் நேரடியாக அளக்க முடிந்தது.

முக்கோணக் கணக்கு மட்டும் பழையதுதான். 1802-இல் லாம்ப்டன் நம்ம சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கினாரே, அதே வடிவியல்.

மலை உச்சில முக்கோணம் போட்டு விஏபிஎம்னு எழுதியிருக்கே, அது என்ன?

மேலே சொன்ன தரைப்புள்ளிகளில் ஒன்று. செங்குத்துக் கோணம் எடுத்து உயரம் கணக்கிட்ட இடம். அங்கே ஒருவர் நேரில் போய்க் கருவி நிறுத்தி அளந்திருக்கிறார். ஒரு ஷீட்டில் எந்த எண்ணை அதிகம் நம்பலாம் என்று யாராவது கேட்டால், முதலில் இந்த முக்கோணங்களைத்தான் காட்டுவேன்.

ஓரத்துல "களத்தில் சரிபார்க்கப்படவில்லை"ன்னு ஒரு வரி இருக்கு. அப்படின்னா மேப் டுபாக்கூரா?

இல்லை, நேர்மையான மேப். வழக்கமாக வரைந்து முடித்த பிறகு ஓர் ஆள் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஓடை ஓடையாகத்தான் இருக்கிறதா, குடிசை இன்னும் நிற்கிறதா, பெயர் சரியா என்று பார்ப்பார். அலாஸ்காவின் பல ஷீட்டுகளுக்கு அது நடக்கவில்லை. நடக்காததை ஓரத்தில் அச்சடித்தும் விட்டார்கள்.

ஷீட்டின் கீழ் இடது மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்துப் பத்தியைப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே படிக்கச் சொல்வேன். எந்த வருஷத்து வான்படம், எந்த வருஷம் வரைந்தது, களச் சோதனை உண்டா இல்லையா, எந்த ஆயத்தொகுப்பு (இருப்பிடங்களைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படை), எல்லாம் அங்கே இருக்கும். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதிக்கு அந்தப் பத்தியே பதில் சொல்லிவிடும்.

மேப்ல ஆறு மலை ஓரமா போகுது, சாட்டிலைட்ல பார்த்தா அரைக் கிலோமீட்டர் தள்ளி ஓடுது. வரைஞ்சவர் தப்பு பண்ணிட்டாரா?

பெரும்பாலும் தப்பில்லை, ஆறு நகர்ந்துவிட்டது. ஹுலாஹுலா, கேனிங் மாதிரி ஆறுகள் மலையிலிருந்து வண்டி வண்டியாகக் கூழாங்கல்லைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. படுகை அகலமாக இருக்கும், அதில் பின்னிப் பின்னிப் பிரியும் பல வாய்க்கால்கள். ஒரு நல்ல வெள்ளம் வந்தால் முதன்மை வாய்க்கால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடும். ஷீட்டில் நீலத்தில் தெரிவது விமானம் பறந்த அந்த ஒரு நாளில் தண்ணீர் ஓடிய வாய்க்கால்கள், அவ்வளவுதான்.

ஆகையால் நீலக் கோட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் காட்டியிருக்கும் கூழாங்கல் பரப்பைப் பாருங்கள். ஆறு அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர்காலத்தில் ஆற்றின் மேல் தண்ணீர் பொங்கிப் பொங்கி உறைந்து, சில படுகைகளில் பெரிய பனிப்பாளமே உருவாகும், அது கோடை நடுவிலும் மிச்சம் இருக்கும். ஜூனில் எடுத்த படமென்றால் அதன் அடியில் இருக்கும் வாய்க்கால்களை வரைபவர் பார்த்திருக்கவே முடியாது.

சதுப்புக் குறி இல்லாத இடத்துல இறங்கினா முழங்கால் வரைக்கும் உள்ள போகுதாமே?

ஆமாம். அதற்கும் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. காட்டியிருக்கும் சதுப்புகள் வான்படத்தைப் பார்த்து ஊகித்த, அதிக ஈரமான தாழ்வான இடங்கள் மட்டும் என்று எழுதியிருப்பார்கள். அடியில் நிரந்தர உறைபனி, அதாவது ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண் இருப்பதால் தண்ணீர் கீழே இறங்காது, வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காய்ந்த தரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நோவாட்டக்ல படகு விடணும்னா ஆபத்தான இடம் எதுன்னு இந்த மேப் சொல்லுமா?

கொஞ்சம் சொல்லும், முக்கியமானதைச் சொல்லாது. நோவாட்டக் இகிக்பாக் சிகரத்தின் பக்கம் பிறந்து சுமார் 680 கிலோமீட்டர் ஓடிக் கோட்செபியூ வளைகுடாவில் கலக்கிறது. அதில் எந்தப் பகுதி வேகம், எந்தப் பகுதி சோம்பல் என்று பார்க்க ஒரு வழி உண்டு. சம உயரக் கோடு ஆற்றைக் குறுக்காக வெட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 அடிக் கோடும் 900 அடிக் கோடும் ஆற்றை வெட்டும் இடங்களுக்கு நடுவே ஆற்றின் வளைவுகளோடு சேர்த்து அளந்தால் 10 மைல் வருகிறது என்று வையுங்கள், சராசரி இறக்கம் மைலுக்கு 10 அடி.

சராசரி என்பதுதான் வில்லங்கம். அந்த 100 அடியில் 15 அடி ஒரே இடத்தில் பாறைமேல் விழுந்தாலும் கோட்டில் தெரியாது. படத்தில் வெள்ளை நுரையாகத் தெரிந்திருந்தால் மட்டும் வரைபவர் ஒரு குறுக்குக் கோடு போட்டிருப்பார். கனடாவின் தெற்கு நஹானி ஆற்றில் 96 மீட்டர் விழும் வர்ஜீனியா அருவி மாதிரி இருந்தால் யாரும் தவறவிட மாட்டார்கள், இரண்டு ஆள் உயரத் துள்ளல் என்றால் விட்டுவிடுவார்கள். நான் ஷீட்டை வைத்து ஆற்றின் போக்கைப் பார்ப்பேன், பாறையைப் பற்றி மட்டும் அண்மையில் படகில் போனவரைத்தான் கேட்பேன்.

1:63,360, என்ன கணக்கு இது? 50,000ன்னு வெச்சிருக்கலாமே?

ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதனால் தாளில் ஒரு அங்குலம் தரையில் ஒரு மைல். நம்ம சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஷீட்டுகளும் இதே அளவுதான், மெட்ரிக்குக்கு மாறியபோதுதான் 1:50,000 ஆனது. தாத்தா காலத்து ஒன் இன்ச் ஷீட் வீட்டில் இருந்தால் அலாஸ்கா ஷீட்டோடு அருகருகே வைத்துப் பாருங்கள், தூர உணர்வு ஒன்றாகவே இருக்கும்.

ஷீட் பேர்ல ஏ-1, டி-5ன்னெல்லாம் வருதே?

பெரிய 1:250,000 ஷீட் ஒன்றைக் கட்டம் கட்டமாக வெட்டினால் கிடைப்பவை சின்ன ஷீட்டுகள். கீழிருந்து மேலே ஏ, பி, சி, டி என நான்கு வரிசை, ஒவ்வொன்றும் 15 கலை அட்சரேகை (ஒரு பாகைக்கு 60 கலை). எண் கிழக்கிலிருந்து மேற்கே போகும். ஆகவே ஏ-1 தென்கிழக்கு மூலை. நமக்குப் பழக்கமான இடமிருந்து வலம் கிடையாது, நிறையப் பேர் இங்கேதான் தவறான ஷீட்டை இறக்கிவிட்டு ஆற்றைக் காணோம் என்று தேடுவார்கள்.

வடக்கே போகப் போகத் தீர்க்க ரேகைகள் நெருங்குவதால் ஷீட்டின் அகலத்தையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். 68 பாகைக்குச் சற்றுத் தெற்கே 30 கலை, வடக்கே 36 கலை. சர்வே பாஸ் என்ற பெரிய ஷீட்டில் ஒரு வரிசைக்கு ஆறு, அதற்கு நேர் மேலே இருக்கும் கில்லிக் ரிவரில் ஐந்துதான். கில்லிக் ரிவர் ஏ-1-இன் கீழ் விளிம்பு சர்வே பாஸ் டி-1 முழுவதையும் டி-2-இல் கொஞ்சத்தையும் தொடும். 68 பாகையைத் தாண்டுகிற ஆறு என்றால் ஒரு ஷீட் அதிகமாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் நிறத்துல சதுரம் சதுரமா கோடு போகுதே, அங்கே பட்டா நிலமா?

பட்டாவும் இல்லை, வேலியும் இல்லை. நில மேலாண்மை அலுவலகம் எதிர்காலத்தில் அளந்தால் எல்லை எங்கே வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்ட கட்டம். அளக்கப்படாதவை, தரையில் கல் நடப்படாதவை என்று ஓரத்திலேயே இருக்கும். வடக்கே உமியாட் மெரிடியன், மேற்கே கேட்டீல் ரிவர் மெரிடியன் என்று எழுதியிருப்பது அந்தக் கட்டத்தின் தொடக்கக் கோடுகள்.

சரி, மொத்தத்துல எவ்வளவு துல்லியம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

1947-இன் அமெரிக்க விதிப்படி, இந்த அளவுப் படத்தில் தெளிவாகத் தெரியும் புள்ளிகளில் 90 சதவீதம் தாளில் ஐம்பதில் ஒரு அங்குலத்துக்குள் சரியாக இருக்க வேண்டும். 1:63,360-க்கு அது தரையில் 32 மீட்டர். உயரம் என்றால் 90 சதவீதம் கோட்டு இடைவெளியில் பாதிக்குள், அதாவது 100 அடி இடைவெளியில் 50 அடிக்குள். எல்லா அலாஸ்கா ஷீட்டும் இதை எட்டவில்லை. தரைப்புள்ளி நெருக்கமாக இருந்த இடம் நன்றாக இருக்கும், முன்னால் சொன்ன சங்கிலியின் நடுவில் விழுந்த இடம் அதைவிட மோசமாக இருக்கும். காட்டுப் பள்ளத்தாக்கில் வரைபவர் பார்த்தது மர உச்சியை, தரையைக் கிடையாது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரூக்ஸ் மலையில எது உயரம்? ஒரு மேப்ல ஒண்ணு, இன்னொரு மேப்ல வேற!

இந்தச் சண்டை அரை நூற்றாண்டு நடந்தது. ஐம்பதுகளின் 1:250,000 ஷீட்டும் 1:63,360 ஷீட்டும் ஒரே சிகரங்களுக்கு வெவ்வேறு எண் கொடுத்தன. ஒன்றைப் பார்த்தால் இஸ்டோ உயரம், மற்றதைப் பார்த்தால் சேம்பர்லின். ஏறுபவர்கள் இரண்டிலும் ஏறிவிட்டுத்தான் நிம்மதியானார்கள். இஸ்டோ என்ற பெயரே அலாஸ்காவை அளந்த ஒரு யுஎஸ்ஜிஎஸ் அளவைக்காரருடையது.

2014-இல் ஆய்வாளர் மேட் நோலன் எடுத்த விமானப் படங்களையும் மலையேறி கிட் டெலோரியர்ஸ் சிகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போன ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து அளந்தபோது முடிவு வந்தது: இஸ்டோ 2,735.6 மீட்டர், ஹப்ளி 2,717.6, சேம்பர்லின் 2,712.3. சண்டையில் பெயரே அடிபடாத ஹப்ளி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. சேம்பர்லின் உச்சியில் இருப்பது பனி, அதுவும் உருகிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஐம்பதுகளில் அது இன்னும் உயரமாக இருந்திருக்க நியாயம் உண்டு, பழைய எண் முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன்.

ஜிபிஎஸ்ல இருக்கிற எண்ணை ஷீட்ல குறிச்சா நான் ஆத்துக்குள்ள நிக்கிறேன்னு காட்டுது.

ஷீட் 1927-இன் வட அமெரிக்க ஆயத்தொகுப்பில் இருக்கிறது, உங்கள் ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84-இல் இருக்கிறது. பழையதன் மூலப்புள்ளி கான்சாஸில், அங்கிருந்து போர்க்காலத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாகக் கணக்கை இழுத்துக்கொண்டு போனார்கள். அலாஸ்காவில் இரண்டுக்கும் வித்தியாசம் 100 மீட்டருக்கு மேலும் போகும். கருவியின் அமைப்பில் 1927-ஐத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். அப்படியும் ஆற்றுக்குள்தான் நிற்கிறீர்கள் என்றால் ஆறு நகர்ந்த கதையைப் பாருங்கள்.

திசைகாட்டிக்கு ஓரத்துல இருக்கிற கோணத்தை அப்படியே வைக்கலாமா?

கூடவே கூடாது. ஃபேர்பேங்க்ஸில் ஐம்பதுகளில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து கிழக்கே சுமார் 30 பாகை தள்ளியிருந்தது, இப்போது 20-க்கும் குறைவு. பத்துப் பன்னிரண்டு பாகை பிழையோடு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளி வேறு ஓடையில் போய் நிற்பீர்கள். இன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளே இல்லாத ஊருக்கு இத்தனை பேர் எங்கிருந்து வந்துச்சு?

ஆள் இல்லாத ஊர் என்பதே தவறு. அங்கே இன்யுபியாக் மக்களும் குவிச்சின் மக்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறார்கள், ஒவ்வொரு வளைவுக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது. ஷீட்டில் ஏறியது அதில் ஒரு பகுதி, அதுவும் கேட்டவர் காதில் விழுந்த எழுத்துக்கூட்டலில். மற்றவை தங்கம் தேடியவர்கள், அளவைக்காரர்கள், மார்ஷல் மாதிரிப் பயணிகள் வைத்தவை. 1967-இல் டொனால்ட் ஆர்த் தொகுத்த அலாஸ்கா இடப்பெயர் அகராதியில் ஒவ்வொரு பெயரும் யார் வழியாக வந்தது என்று பார்க்கலாம். எனக்கு இந்த ஷீட்டுகளில் இருக்கும் பெரிய குறையாகப் படுவது இதுதான், 32 மீட்டர் பிழையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த மேப்பை வெச்சு என்ன பண்ணாங்க? சும்மா அலமாரியில வெச்சாங்களா?

நல்லதும் கெட்டதும் செய்தார்கள். யூக்கான் ஆற்றில் ராம்பார்ட் அணை என்று ஒரு திட்டம் இருந்தது. கட்டியிருந்தால் வட அமெரிக்காவின் ஈரி ஏரியைவிடப் பெரிய நீர்த்தேக்கம், ஃபோர்ட் யூக்கான் உட்படப் பல பழங்குடி ஊர்கள் தண்ணீருக்குள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று பார்க்க ஒரு சம உயரக் கோட்டைப் பின்தொடர்ந்தால் போதும். 1967-இல் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யுடால் எதிர்த்தபிறகு திட்டம் படுத்துவிட்டது. 1980-இல் பெரிய பூங்காக்களையும் காப்பகங்களையும் அறிவித்தபோது, நோவாட்டக் உட்பட, எல்லை போட்டதும் இதே ஷீட்டுகளின் மேல்தான்.

ஒரு முழு இடத்தையே கவனிக்காம விட்டுட வாய்ப்பு உண்டா?

அலாஸ்காவில் அந்த அளவுக்கு இல்லை. பக்கத்துக் கனடாவில் நடந்தது. 1948-இல் கனடிய விமானப்படை விமானம் ஒன்று ஃபாக்ஸ் படுகை என்ற கடற்பகுதியில் படமெடுக்கப் போனபோது, மேப்பில் கடல் என்று இருந்த இடத்தில் தீவு இருந்தது. பிரின்ஸ் சார்லஸ் தீவு, சுமார் 9,500 சதுர கிலோமீட்டர். அங்கே இருந்த இனுயிட் மக்களுக்கு அது புதுச் செய்தியே கிடையாது.

இப்ப புது மேப் வந்தாச்சே, பழசு எதுக்கு?

2010 முதல் விமான ரேடாரில் அலாஸ்கா முழுவதையும் திரும்ப அளந்து, 1:25,000 அளவில் 11,000-க்கு மேற்பட்ட புது ஷீட்டுகள் போட்டிருக்கிறார்கள். பயணத்துக்கு அதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் புதுசும் தெய்வவாக்கு கிடையாது. ஐம்பதுகளின் அளவீட்டில் 20,320 அடி என்று இருந்த தெனாலி சிகரம் ரேடாரில் 20,237 அடி வந்தது. 2015-இல் நேரில் ஏறி ஜிபிஎஸ் வைத்தபோது 20,310. கூரிய உச்சியைச் சுற்றுப்புறத்தோடு சேர்த்து ரேடார் சராசரியாக்கிவிடுகிறது, பழைய ஆட்கள் பத்தடிக்குள் சொல்லியிருக்கிறார்கள்.

பழையதன் மதிப்பு ஒப்பிடுவதில் இருக்கிறது. பனியாறு எங்கே முடிந்தது, ஏரி எவ்வளவு இருந்தது, எல்லாவற்றுக்கும் அது ஒரு தேதி போட்ட சாட்சி. எண்ணெய்த் தேடுதலுக்காக 1948-50-இல் எடுத்த சாய்வுப் படங்களை அதே இடத்தில் 1999-2000-இல் திரும்ப எடுத்துப் பார்த்துத்தான், ஆற்றோரங்களிலும் சரிவுகளிலும் புதர் பெருகிவிட்டதை ஆய்வாளர் ஸ்டர்மும் அவர் கூட்டாளிகளும் 2001-இல் காட்டினார்கள்.

எங்கே கிடைக்கும்? காசு உண்டா?

யுஎஸ்ஜிஎஸ்-இன் டோப்போவியூ தளத்தில் இலவசம், பதிப்புரிமைச் சிக்கலும் இல்லை. வான்படங்களே வேண்டுமென்றால் அவர்களுடைய இன்னொரு தளமான எர்த் எக்ஸ்ப்ளோரர். ஒரே ஷீட்டுக்குப் பல பதிப்பு இருந்தால் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், காரணம் அடுத்த கேள்வியில்.

1956 மேப், ஆனா 1983ல அச்சடிச்சது, ஊதா நிறத்துல ஏதோ சேர்த்திருக்காங்க. ஆறு எந்த வருஷத்தது?

கிட்டத்தட்ட எப்போதும் முதல் வான்படத்து வருஷம்தான். "சிறு திருத்தம்" என்று போட்டு ஊதாவில் சேர்ப்பது பெரும்பாலும் சாலை, விமான ஓடுபாதை, பூங்கா எல்லை மாதிரி விஷயங்கள். நீலத்தையும் பழுப்பையும் தொடமாட்டார்கள். அச்சு ஆண்டை வைத்து "1983-இல் ஆறு இங்கே ஓடியது" என்று எழுதிவிட்டால் முப்பது வருஷம் பிசகும். ஓரப் பத்தியில் படமெடுத்த ஆண்டைப் பாருங்கள், அதையே மேற்கோள் காட்டுங்கள்.

ரெண்டு ஷீட்டை ஒட்டினா நடுவுல ஆறு சேரவே மாட்டேங்குது. ஸ்கேன் கோணலா?

முதலில் ஸ்கேனைச் சந்தேகப்படுங்கள், தாள் ஈரத்தில் நீண்டு சுருங்கியிருக்கும். நான்கு மூலை ஆயங்களையும் சரியாகப் பொருத்திய பிறகும் ஆறு தள்ளியே இருந்தால் இரண்டு ஷீட்டின் ஓரப் பத்திகளையும் பக்கத்தில் வையுங்கள். பல நேரம் வான்படங்கள் வெவ்வேறு ஆண்டைச் சேர்ந்தவையாக இருக்கும், நடுவில் வெள்ளம் வந்து போயிருக்கும், இரண்டுமே சரி. ஆண்டு ஒன்றாகவே இருந்து, ஆற்றோடு சேர்ந்து சம உயரக் கோடுகளும் அதே பக்கமாக, அதே அளவு தள்ளியிருந்தால் அது தரைப்புள்ளிப் பிழை, அருகில் விஏபிஎம் அதிகம் இருக்கும் ஷீட்டை நம்புங்கள். கோடுகள் சரியாகச் சேர்ந்து ஆறு மட்டும் சேரவில்லை என்றால், விளிம்பைச் சரிபார்க்காமலே அச்சுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மூல வான்படத்தை எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.